சோக் கேபிள் சுட்டபோதுதான் புரிந்தது

பழைய காரின் இன்ஜினை முழுசாகப் பிரித்து, புது பிஸ்டன் ரிங், பேரிங் எல்லாம் போட்டு மறுபடி ஏற்றினேன். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டே அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது.

பேட்டரியை முழு சார்ஜ் செய்தேன். அப்படியேதான். ஸ்டார்ட்டரைக் கழற்றி பிரஷ் பார்த்தேன், நன்றாக இருந்தது. பேரிங் இறுக்கமோ என்று பயந்து, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு கிராங்க் புல்லியில் ஸ்பேனர் வைத்துத் திருப்பினேன், வழுக்கிக்கொண்டு சுற்றியது. மூன்று நாள் போயிற்று.

நான்காம் நாள் சோக்கை இழுத்தேன்; குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப, உலோகக் கேபிள் வழியாக கார்புரேட்டரின் காற்றைக் குறைக்கும் குமிழ் அது. குமிழ் சுட்டது. கார்புரேட்டர் பக்கம் கேபிள் உறை இளகிப் புகைந்திருந்தது.

இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுன்ட் மேல். ரப்பரில் கரன்ட் போகாது. இன்ஜினிலிருந்து பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குக் கரன்ட் திரும்ப ஒரு எர்த் பட்டை, அதாவது தடித்த உலோக இணைப்பு, வேண்டும். அது பழைய கியர்பாக்ஸ் போல்ட்டோடு டப்பாவில் கிடந்தது! ஸ்டார்ட்டரின் நூறு ஆம்பியருக்கு மேலான கரன்ட், பாவம், சோக் கேபிளின் அந்த மெல்லிய கம்பி வழியாகத் திரும்பியிருக்கிறது.

பட்டையை மாட்டியும் சரியாகவில்லை. பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் மீட்டர் வைத்து ஸ்டார்ட் செய்தால் 4 வோல்ட். அரை வோல்ட் தாண்டக்கூடாது. சேசிஸுக்கு நானே ஆசையாக அடித்த புது பெயின்ட்தான் குறுக்கே நின்றது. பட்டையின் போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளவென்று சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கினேன். 0.2 வோல்ட். முதல் திருப்பலிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

சோக் கேபிள் மட்டும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.