கடைப்பெயரைப் பதிவு செய்யும் முன் கவனிக்க

இந்தியாவில் வணிகப் பெயரையோ லோகோவையோ டிரேட்மார்க்காகப் பதிய நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் ஐபி இந்தியா என்ற அரசின் அறிவுசார் சொத்துரிமை அலுவலக இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். எழுத்து ஒற்றுமையை மட்டும் பார்த்தால் போதாது. உச்சரிப்பு வழியாகத் தேடும் வசதியும் அங்கே உண்டு, அதைத் தவறாமல் பயன்படுத்துங்கள். எழுத்து வேறாக இருந்தாலும் காதுக்கு ஒன்றுபோல் கேட்டால் ஆட்சேபம் வரும்.

அடுத்து வகுப்பு, அதாவது உங்கள் சரக்கோ சேவையோ எந்த வகையைச் சேர்ந்தது என்பது. மொத்தம் 45 வகுப்புகள். மசாலாப் பொடிக்கு 30, ஊறுகாய்க்கு 29, உணவகத்துக்கு 43. ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம்: ஆன்லைனில் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுநிறுவனங்களுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. ‘சுவையான மசாலா’ போல சரக்கையே வர்ணிக்கும் பெயருக்குப் பதிவு கிடைப்பது கடினம். சொந்தமாக உருவாக்கிய சொல்லே வலுவானது என்பேன்.

விண்ணப்பத்தை ஆராய்ந்து அலுவலகம் அனுப்பும் பரிசோதனை அறிக்கையில் ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டு விண்ணப்பத்தையே இழப்பவர்கள் உண்டு, பாவம். விண்ணப்பம் ஏற்கப்பட்டால், அப்புறம் அது டிரேட்மார்க் ஜர்னல் என்ற அரசு இதழில் வெளியாகும். நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் சான்றிதழ் வரும். விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

பதிவாகும் வரை பெயருக்குப் பக்கத்தில் ‘டிஎம்’ மட்டும் போடுங்கள். பதிவானது என்று காட்டும், வட்டத்துக்குள் ‘ஆர்’ (®) குறியைப் பதிவுக்கு முன்பே போடுவது சட்டப்படி குற்றம்.