மெய்நிகர் களப்பயணத்தில் புவிச்சரிதவியல்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புப் பாடசாலையொன்றிலிருந்து மாணவர்களை இரத்தினபுரி மாணிக்கக்கல் குழிக்கோ போகல காரீயச் சுரங்கத்துக்கோ அழைத்துச் செல்வதென்றால் பஸ் கட்டணம், பெற்றோர் சம்மதக் கடிதம், மழை என்று தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆகவே கூகுள் எர்த்தையும் 360 பாகைப் படங்களையும் வகுப்பறைக்குள் கொண்டுவருவது வரவேற்கத்தக்கதே. எனினும், திரையில் படத்தை ஓட்டிக் காட்டிவிட்டு ஆசிரியரே எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்போது அது களப்பயணமாக இல்லாமல் படக்காட்சியாகிவிடுகிறது. ஒரே ஒரு பாறை முகப்பில் திரையை நிறுத்தி, அதன் பெயரைச் சொல்லாமல், கொப்பியில் வரையச் சொல்ல வேண்டும். கண்ணால் கண்டதை ஒரு பக்கத்திலும் அதிலிருந்து ஊகித்ததை மறுபக்கத்திலும் மாணவர் எழுத வேண்டும். பத்து இடங்களைத் தாவிப் பார்ப்பதைவிட இது மிகுந்த பயன் தரும்.

அளவுணர்வை மறப்பது அடுத்த தவறு. அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின் ஆழம் ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர் என்று சொன்னால் அந்த எண் காதோடு போய்விடும். சுமார் 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரத்தை நான்கரை தடவை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பார்க்கச் சொன்னால் மனத்தில் நிற்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூகுள் எர்த் புரோவில் நிலத்தின் உயரத்தை மூன்று மடங்கு வரை மிகைப்படுத்திக் காட்டும் வசதி உண்டு. அதை மூன்றில் வைத்தால் 30 பாகைச் சரிவு 60 பாகைச் சரிவாகத் தெரியும். மலைச்சரிவையோ பாறைப் படைகளின் (அடுக்குகளின்) சாய்வையோ அளக்கச் சொல்லும் முன் அந்த எண்ணை ஒன்றுக்கு மாற்றிவிட வேண்டும்.

நான் மிகவும் கவலைப்படும் தவறு, வெளிநாட்டுப் பள்ளத்தாக்குகளை மட்டுமே காட்டுவது. கிடையாக அடுக்கப்பட்ட அடையற்பாறைகளையே (மணலும் சேறும் போன்றவை படிந்து இறுகியவை) திரும்பத் திரும்பப் பார்க்கும் பிள்ளை, வரிவரியாகத் தெரியும் எந்தக் கல்லையும் அடையற்பாறை என்றே எழுதப் பழகிவிடுகிறது. ஆனால் இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு கேம்பிரியன் காலத்துக்கு (ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு) முற்பட்ட, வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய பாறைகளாலானது. அவ்வாறு உருமாறிய நம் நைஸ் பாறையில் காணப்படும் வெளிர் வரிகளில் குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும், கரிய வரிகளில் பயோட்டைட் மைக்கா, ஹோர்ன்பிளென்ட் போன்றனவும் இருக்கின்றன. கடும் வெப்பத்திலும் அமுக்கத்திலும் கனியங்கள் பிரிந்து ஒழுங்குபட்டதன் தடயமே அந்த வரிகள், மணலும் சேறும் படிந்ததன் அடுக்குகள் அல்ல. கிராண்ட் கன்யனைக் காட்டத்தான் வேண்டுமென்றால் அதன் அடிவரை இறங்குங்கள்: ஏறத்தாழ 170 கோடி ஆண்டுகள் பழைமையான விஷ்ணு உருமாறிய பாறைகள் அங்கே இருக்கின்றன, அவற்றின் மேல்தான் அடையற்படைகள் கிடக்கின்றன. இலங்கையிலேயே அடையற்பாறைக்கு உதாரணம் வேண்டுமானால் யாழ்ப்பாணத்தில் மயோசீன் என்ற புவிச்சரிதக் காலத்தில் உருவான சுண்ணாம்புக்கல் போதும்.

கையில் கல் இல்லாமல் திரையை மட்டும் நம்புவதும் தவறே. கட்டடம் எழும்பும் இடத்தில் கேட்டால் ஒரு பிடி கருங்கல் சல்லி கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் உறவினர் உள்ள பிள்ளை ஒரு துண்டுச் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டுவரலாம். இரண்டிலும் வினாகிரி விட்டுப் பார்த்தால் சுண்ணாம்புக்கல்லில் சிறு குமிழிகள் எழும், கருங்கல்லில் எழாது. எடையையும் சொரசொரப்பையும் எந்தப் படமும் தராது.

இணைய வேகத்தை நம்பிப் பாடத்தைத் தொடங்க வேண்டாம்; தேவையான காட்சிகளை முதல் நாளே தரவிறக்கி வைக்க வேண்டும்.

மதிப்பீட்டிலும் கவனம் தேவை. பார்த்த இடங்களின் பெயர்களைக் கேட்கும் வினாத்தாள் ஞாபகசக்தியை மட்டுமே அளக்கும். அதுவரை காட்டாத ஒரு பாறை முகப்பின் படத்தைக் கொடுத்து, எது முதலில் உருவானது, எது பின்னர் வந்தது, அதற்குப் படத்தில் உள்ள ஆதாரம் எது என்று கேளுங்கள். விடை பிழையாக இருந்தாலும் காட்டிய ஆதாரம் பொருத்தமாக இருந்தால் அதற்கும் புள்ளி வழங்குங்கள்.