பால்வினை நோய்ப் பிரிவுக்கு முதன்முறையாகச் செல்பவருக்கு

பெங்களூரில் கட்டட வேலை முடித்துச் சனிக்கிழமை இரவுப் பேருந்தில் பென்னாகரம் திரும்பும் ஓர் இளைஞர், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலையும் உள்ளாடையில் மஞ்சள் கறையையும் கண்டால், உடனே மருத்துவமனைக்குப் போவதில்லை. "சூடு பிடித்துக்கொண்டது" என்று இரண்டு நாள் இளநீரும் நீராகாரமும் குடிப்பார். மூன்றாம் நாள் மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்திப் பேசி நான்கு மாத்திரைகள் வாங்குவார். எரிச்சல் அடங்கும், ஆனால் கிருமி அடங்காது. சில வாரங்களில் அவருடைய மனைவி அடிவயிற்று வலியோடு வேறொரு மருத்துவமனையின் வரிசையில் நின்றுகொண்டிருப்பார். ஆலோசகராக மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்து நான் கேட்டவற்றுள் பெரும்பகுதி இப்படி நடந்தவைதான். அவற்றுள் நோயைவிடத் தாமதமே அதிகக் கேடு செய்திருந்தது. எந்தக் கதவைத் தட்டுவது, உள்ளே போய் என்ன சொல்வது என்று தெரியாததே அந்தத் தாமதத்துக்குக் காரணமாக இருந்தது. ஆகவே கதவிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கே செல்வது

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 2022இல் தொடங்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உடலுறவால் பரவும் இவ்வகை நோய்களுக்குச் சிகிச்சை உண்டு. தமிழக அரசு மருத்துவமனைகளில் "சுக வாழ்வு மையம்" என்ற பலகையைக் கண்டால் அது பால்வினை நோய்களுக்கான இடம். "நம்பிக்கை மையம்" என்றிருந்தால் அது எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் உரிய இடம். இரண்டிலும் கட்டணம் கிடையாது. எந்த ஊரில் எந்த மையம் அருகில் உள்ளது என்பதை 1097 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் கேட்கலாம். தமிழில் மட்டுமல்லாமல் வேறு இந்திய மொழிகளிலும் அங்கே பேசுவார்கள் என்பதால், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் ஓசூர், தளிப் பக்கத்து மக்களுக்கும் அது பயன்படும்.

உள்ளூர் மருத்துவமனையில் அறிந்த முகம் எதிர்ப்படுமே என்று அஞ்சுவது இயல்பானதே. பாலக்கோட்டுக்காரர் பாலக்கோட்டில்தான் காட்ட வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. தருமபுரிக்கோ சேலத்துக்கோ செல்லலாம். ஆனால் தொலைவான ஊரைத் தேர்ந்தெடுப்பவர், மறுபரிசோதனைக்கும் அதே ஊருக்குப் போக முடியுமா என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருமுறை சென்று, மறுமுறை செல்லாமல் விட்டவர்கள் ஏராளம்.

சீட்டு வாங்கும் சன்னலில்

பின்னால் இருபது பேர் நிற்க, "என்ன தொந்தரவு?" என்ற கேள்வி சன்னலுக்குள்ளிருந்து வரும் அந்த நொடியில்தான் பலர் வரிசையிலிருந்து விலகிப் போகிறார்கள். அங்கே விளக்கம் எதுவும் தேவையில்லை. "எஸ்.டி.டி. ஓ.பி." (பால்வினை நோய்ப் புறநோயாளிப் பிரிவு) என்று சொன்னால் போதும். அதுவும் நாவில் வராவிட்டால் "தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லலாம், அங்கிருந்து உரிய அறைக்கு அனுப்புவார்கள். பெண்கள் மகப்பேறு மற்றும் மகளிர் நலப் பிரிவுக்கே சீட்டு எழுதி வாங்கலாம். ஒருமுறை ஒருவர் கூச்சத்தில் "தலைவலி" என்று சொல்லிப் பொது மருத்துவரிடம் காத்திருந்து, தலைவலி மாத்திரையோடு வீடு திரும்பி, மறுவாரம் எங்கள் அறைக்கு வந்தார். அந்த மாத்திரை உறை அவர் சட்டைப் பையில் பிரிக்கப்படாமலே இருந்தது.

புறப்படுவதற்கு முன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சீழ் அல்லது திரவம் வடிந்தால், மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்தால் மாதிரி எடுப்பது எளிது. புண் இருந்தால் களிம்போ ஊதா மருந்தோ மஞ்சளோ பூசாமல், வெறும் நீரில் கழுவிவிட்டு வர வேண்டும். மேலே பூசியதை வைத்துப் புண்ணின் தன்மையை அறிய முடியாது. பெண்கள் பிறப்புறுப்பின் உட்புறத்தைச் சோப்பாலோ கிருமிநாசினியாலோ கழுவக் கூடாது (அன்றைக்கு மட்டுமல்ல, எப்போதுமே கூடாது). எச்.ஐ.வி., சிபிலிஸ் (மேகப்புண் நோய்) பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதன் உறையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

உள்ளே என்ன கேட்பார்கள்

எப்போது தொடங்கியது, புண் வலிக்கிறதா, கடைசியாக உடலுறவு எப்போது, ஆணுடனா பெண்ணுடனா, எந்த வழியில், ஆணுறை இருந்ததா, பென்சிலின் ஊசி ஏதேனும் ஒவ்வாமை தந்ததா, பெண்ணாயின் கடைசி மாதவிலக்குத் தேதி என்ன என்பவையே கேள்விகள். இவை ஒழுக்கத்தைச் சோதிக்கும் கேள்விகள் அல்ல. வாய்வழி அல்லது ஆசனவாய்வழி உறவு இருந்தால் தொண்டையையும் ஆசனவாயையும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால்தான் கேட்கிறார்கள். பொய் சொன்னால் இழப்பு நோயாளிக்கே. மருத்துவர் முகம் சுளித்தாலோ அறிவுரை வழங்கத் தொடங்கினாலோ, "சிகிச்சைக்கு வந்திருக்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அத்தகையவர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

திரைக்குப் பின்னால் நடக்கும் உடற்பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெண் நோயாளி, தன்னுடன் ஒரு பெண் பணியாளர் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். பிறகு இரத்தம் எடுப்பார்கள். பல மையங்களில் நிறம் வாரியாகப் பிரித்த மருந்துப் பொட்டலங்கள் தருவார்கள். ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்கச் சொன்னால் பலர் திரும்பி வருவதில்லை என்பதால், அறிகுறியைக் கொண்டே அன்றைக்கே சிகிச்சையைத் தொடங்கும் முறை அது. சிலவற்றுக்கு மருத்துவர் முன்னிலையிலேயே விழுங்கும் ஒரே வேளை மருந்து போதும். தொடக்க நிலைச் சிபிலிஸுக்குப் பென்சிலின் ஊசி ஒருமுறை போடப்படுகிறது. நாள்பட்டதாயின் வாரம் ஒன்றாக மூன்று ஊசி. ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொல்வது ஒவ்வாமையைக் கவனிப்பதற்காக. பேருந்துக்கு நேரமாகிறது என்று எழுந்து போகக் கூடாது.

சிபிலிஸ் குறித்து ஒரு தனி எச்சரிக்கை தேவை. தொற்றிய ஏறத்தாழ மூன்று வாரத்தில் தோன்றும் அதன் முதற்புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. சில வாரங்களில் தானாகவே ஆறியும் விடும். வலிக்காத, ஆறிவிட்ட புண்ணுக்காக யார் மருத்துவமனைக்குப் போவார்கள்? ஆனால் கிருமி உடலுக்குள்ளேயே தங்கி, பின்னாளில் உள்ளங்கைத் தடிப்பாகவும், பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கும் நோயாகவும் வெளிப்படலாம். ஆறிப்போன புண்ணையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

இணையரை அழைத்து வருவது

மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல் தான் மட்டும் குணமாகிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால், சில நாட்களில் மற்றவரிடமிருந்து அதே நோய் திரும்பி வரும். இருவரும் ஒரே காலத்தில் மருந்து எடுத்து, முடிந்த பிறகும் ஏழு நாட்கள் உறவைத் தவிர்க்க வேண்டும். வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாதவர்கள் ஆலோசகரிடமே கேட்கலாம். "எனக்குத் தொற்று இருக்கிறது, உனக்கும் பார்க்கச் சொன்னார்கள்" என்ற ஒரு வரியில் தொடங்கிய உரையாடல்கள், நீண்ட விளக்கத்தில் தொடங்கியவற்றைவிட நன்றாக முடிந்ததைக் கண்டிருக்கிறேன்.

எச்.ஐ.வி. பரிசோதனை: எப்போது, எப்படி

நேற்று நடந்ததற்கு இன்று பரிசோதித்தால் விடை கிடைக்காது. மையங்களில் செய்யப்படும் விரைவுப் பரிசோதனை, கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. அது உருவாகச் சில வாரங்கள் ஆகும், மூன்று மாதம் வரையிலும் ஆகலாம். ஆகவே இப்போது ஒருமுறை, மூன்று மாதம் முடிந்து மறுமுறை என்பதே முறையான கணக்கு. வாரந்தோறும் வேறு வேறு ஆய்வகங்களில் பணம் கட்டிப் பரிசோதித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு அச்சம் கூடுமே தவிர, தெளிவு கூடாது.

நேரம் மிக முக்கியமான ஒரு சூழல் உண்டு. பாலியல் வன்முறைக்கு உள்ளானாலோ, எச்.ஐ.வி. உள்ளவரோடு பாதுகாப்பற்ற உறவு நேர்ந்தாலோ, 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கப்பட வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. அதை 28 நாட்கள் விடாமல் எடுக்க வேண்டும். அப்போது காலைப் புறநோயாளிப் பிரிவு திறக்கும்வரை காத்திருக்காமல், இரவானாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும். மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

முதல் பரிசோதனை அட்டையில் கோடு தெரிந்த உடனேயே எவரையும் எச்.ஐ.வி. உள்ளவர் என்று அறிவித்துவிடுவதில்லை. வேறு இரண்டு பரிசோதனைகளாலும் உறுதி செய்த பிறகே, கதவை மூடிய அறையில், உரியவரிடம் மட்டும் சொல்வார்கள். உறுதியானால், கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்து இலவசம். அதை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடிப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவுவதில்லை. வேலைக்காக ஊர் மாறினால் மருந்து வாங்கும் மையத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், ஒப்புதல் இன்றிப் பரிசோதிப்பதையும் முடிவை வெளியிடுவதையும் தடை செய்கிறது. இணையருக்குத் தெரிவிப்பதில் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் சில நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. அங்கும், தெரிந்தால் தொற்றுள்ளவர், குறிப்பாகப் பெண், அடிக்கப்படுவார் அல்லது கைவிடப்படுவார் என்று அஞ்ச நியாயம் இருந்தால் தெரிவிக்கக் கூடாது. தனியார் ஆய்வகம் ஒன்று ஒருவருடைய முடிவைக் கைப்பேசியில் அவருடைய அண்ணனிடம் சொல்லிவிட்ட சம்பவம் ஒன்று என் காதுக்கு வந்தது. ஆகவே தனியாரிடம் செல்பவர், தன் சொந்த எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்து, முடிவை நேரில்தான் வாங்குவேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நோயே இல்லாமல் வருபவர்கள்

எங்கள் அறைக்கு வருபவர்களில் கணிசமானோருக்கு நோயே இருப்பதில்லை. கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது, உறக்கத்தில் விந்து வெளியேறி உடல் மெலிகிறது என்று பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரொட்டிகளால் அச்சுறுத்தப்பட்டவர்கள் அவர்கள். விந்து உடலில் தொடர்ந்து சுரப்பது. வெளியேறுவதால் இரத்தம் குறைவதில்லை, நரம்பும் தளர்வதில்லை. விடுதி அறையில் மாதம் ஒருநாள் தங்கி லேகியம் விற்பவர்களிடம் ஓர் அறுவடைப் பணத்தையே கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தகைய விளம்பரங்களை 1954ஆம் ஆண்டிலேயே ஒரு மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. நாற்பதைக் கடந்தவருக்கு விறைப்பு குறைந்தால், லேகியத்துக்கு முன்பு சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். இரத்தக் குழாய் நோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மாத்திரை சாப்பிடுபவர் விறைப்பு மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்கினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

தொடை இடுக்கு அரிப்பும் பெரும்பாலும் படர்தாமரைதான். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாள் அரிப்பை அடக்கி, பிறகு வட்டத்தைப் பெரிதாக்கும். ஆண்குறி மொட்டின் விளிம்பில் வரிசையாக அமைந்த சிறு முத்துப் புடைப்புகளும் பலருக்கு இயல்பாகவே இருப்பவை.

பெண்கள் கேட்பவை

வெள்ளைப்பட்டால் எலும்பு உருகிவிடும் என்ற பேச்சு ஊத்தங்கரையிலும் உண்டு, அரூரிலும் உண்டு. எலும்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவே தெளிவாக, மணமில்லாமல் படுவது இயல்பு. தயிர்க் கட்டிபோலப் பட்டு அரித்தாலோ, மீன் வாடை அடித்தாலோ, பச்சை நிறத்தில் நுரைத்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதனுடன் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும், ஏனெனில் கருக்குழாய் பழுதுபட்டுக் குழந்தையின்மை வரை கொண்டு செல்லக்கூடிய தொற்றாக அது இருக்கலாம். முப்பது வயதைக் கடந்தவர்கள் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்டுச் செய்துகொள்ளலாம்.

கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களைக் கண்டிருக்கிறேன். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே சட்டப்படி போதும். மணமாகாதவருக்கும் இது பொருந்தும். பொதுவாக 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதுமானது. பதினெட்டு நிரம்பாதவராயின் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். அங்கே, சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் குறுக்கிடும். அதற்கு அஞ்சி நாட்டு மருந்தைத் தேடிப் போவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

சீட்டை என்ன செய்வது

பார்த்து முடித்து வெளியே வந்ததும் வாசல் குப்பைத்தொட்டியில் சீட்டைக் கிழித்துப் போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து வரும்போது அந்தச் சீட்டில் இருக்கும் பதிவு எண் இருந்தால்தான் முந்தைய முடிவை எளிதாக எடுத்துப் பார்க்க முடியும். வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால், எண்ணையும் அடுத்து வரவேண்டிய தேதியையும் மட்டும் கைப்பேசியில் ஏதாவதொரு கடைப் பெயரில் குறித்துக்கொண்டு, அதன் பிறகு சீட்டைக் கிழிக்கலாம்.