ஆங்கிலச் சொல்லுக்கு வேர் தேடும்போது விடக்கூடாத பிழைகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளின் கொப்பிகளில் வேர்ச்சொல் பட்டியல் ஒன்று அடிக்கடி கண்ணில் படும். அதில் பி, ஈ, டி என்ற மூன்று எழுத்துக்கு நேரே ‘கால்’ என்று மட்டும் எழுதியிருக்கும். தயவுசெய்து அதை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள்.

சைக்கிள் பெடலுக்கும், ஏ-9 வீதியைக் கடக்கிற பெடஸ்ட்ரியனுக்கும் அது சரி. இரண்டும் காலைக் குறிக்கிற லத்தீன் ‘பெஸ்’, ‘பெடிஸ்’ வழி வந்தவை. ஆனால் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்க்கிற பீடியாட்ரிஷியன் காலுக்கு மருந்து கொடுப்பவர் இல்லையே! அது கிரேக்கம்: ‘பைஸ்’ என்றால் பிள்ளை, ‘பைடோஸ்’ என்றால் பிள்ளையினுடைய, ‘இயாத்ரோஸ்’ என்றால் வைத்தியர். கிரேக்கத்தில் ‘அய்’ என்று இருந்ததை லத்தீன்காரர் ஏ, ஈ என்று இரண்டு எழுத்தாக எழுதினார்கள், நாங்கள் படிக்கிற பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் அந்த ஏ இன்னும் நிற்கிறது, அமெரிக்கர்கள் எடுத்துவிட்டார்கள். எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது, ஏனென்றால் ஆசிரியப் பயிற்சியில் வருகிற ‘பெடகொஜி’யில் பிரித்தானியரும் ஏ போடுவதில்லை. அதுவும் பிள்ளை வழிச் சொல்தான். பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிற அடிமையைக் கிரேக்கர் ‘பைடகோகோஸ்’ என்றார்கள். அப்புறம், அறிவியல்நகர் விவசாய பீடத்துக்குப் போகிறவர்கள் மண்ணைப் பற்றிய ‘பெடொலஜி’யைச் சந்திப்பார்கள். அங்கே இருப்பது ‘பெடோன்’, அதாவது நிலம்.

இன்னொன்று, சொல்லை ஓசைப்படி வெட்டுவது. எங்களூரில் எல்லாரும் ‘ஹெலி’ என்றே சொல்லிப் பழகியதால் ஹெலிகொப்டரை ஹெலி, கொப்டர் என்று பிரிக்கிறோம். உண்மையில் சுருளைக் குறிக்கிற ‘ஹெலிக்ஸ்’, இறக்கையைக் குறிக்கிற ‘ப்டெரோன்’ என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைக் கொண்டு 1861இல் பிரெஞ்சில் கட்டிய பெயர் அது.

மூன்றாவது பிழை தமிழ்ப் பற்றால் வருவது, அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது. ‘பெடிஸ்’ எங்கள் பாதத்திலிருந்து போனது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். பாதம் வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல், அந்த வடமொழிச் சொல்லும் லத்தீனும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் உறவு. எங்கள் சொந்தச் சொல் அடி, கால். அதேபோல, ஆங்கிலக் ‘கேஷ்’ எங்கள் காசிலிருந்து போனது என்பார்கள். பணத்தைக் குறிக்கிற ‘கேஷ்’, பெட்டியைக் குறிக்கிற லத்தீன் ‘கப்ஸா’விலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. ஆனால் ஆசியச் சில்லறை நாணயங்களுக்கு ஆங்கிலேயர் வைத்த ‘கேஷ்’ என்ற பெயர் வேறு. அது போர்த்துக்கேயர் வாய்வழி போன எங்கள் காசு, அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.