துறைமுக ஊரில் மீன் சாப்பிடுவது எப்படி: மெனு அட்டையைக் கடைசியில் பாருங்கள்

கடலோர ஊருக்குப் போனால் பலரும் செய்வது ஒன்றுதான். கடல் தெரிகிற உணவகமாகப் பார்த்து உட்கார்ந்து, அட்டையில் எந்தப் படம் நன்றாக இருக்கிறதோ அதைக் கொண்டுவரச் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சாப்பிட்டேன். அந்த அட்டை வருடம் முழுக்க மாறாது, கடலில் கிடைப்பது மட்டும் தினமும் மாறும் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. அதனால் இப்போது தலைகீழாகச் செய்கிறேன்: முதலில் மீன், அப்புறம் கடை.

படி 1: மீன் இறங்கும் இடத்துக்குப் போங்கள்

கன்டெய்னர் கப்பல்கள் நிற்கிற துறைமுகம் நமக்கு உதவாது, உள்ளேயும் விடமாட்டார்கள். மீன்பிடிப் படகுகள் வந்து சேரும் துறை தனியாக இருக்கும். "மீன் ஏலம் எங்கே, எத்தனை மணிக்கு?" என்று டாக்சி ஓட்டுநரிடம் கேளுங்கள். விடுதி வரவேற்பறையில் கேட்டால் தெரிந்த உணவகத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். ஏலம் பெரும்பாலும் விடியலை ஒட்டி நடக்கும்.

நீங்கள் வாங்கப் போகவில்லை. எந்த மீன் கூடை கூடையாகக் குவிந்து கிடக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும். குவிந்து கிடப்பதுதான் அந்த வாரத்து மீன். அது மலிவாகவும் இருக்கும், அந்த ஊர்க்காரர்களுக்கு அதைச் சமைக்கும் கையும் பழகியிருக்கும். (வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஏலத்துக்கு நடுவில் நின்று செல்ஃபி எடுத்தால் திட்டு விழும், அதில் நியாயமும் உண்டு.)

பயணத் தேதியை முடிவு செய்யும் முன் ஒன்றை விசாரித்துவிடுங்கள். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் மாதங்களில் மீன்பிடிக்கத் தடை விதிக்கும் நாடுகள் பல. கடல் கொந்தளிக்கும் நாட்களிலும் படகு போகாது. அப்போது தட்டுக்கு வருவது உறைந்த மீனாகவோ வேறு ஊர் மீனாகவோ இருக்கலாம். உறைந்த மீன் ஒன்றும் மட்டமில்லை. ஆனால் அதைச் சாப்பிட இத்தனை தூரம் வர வேண்டுமா?

படி 2: புதிய மீனை அடையாளம் காணுங்கள்

எல்லோரும் கண்ணைப் பார்க்கச் சொல்வார்கள். தெளிவாக, கொஞ்சம் புடைத்தாற்போல் இருந்தால் நல்லது. ஆனால் ஐஸ் பட்டாலே கண் மங்கிவிடும் என்பதால் நான் செவுளைத்தான் நம்புவேன். விரலால் தூக்கிப் பாருங்கள்: சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். பழுப்பு நிறமோ கொழகொழப்போ தெரிந்தால் நகர்ந்துவிடுங்கள். சதையை அழுத்தினால் குழி விழாமல் எழும்ப வேண்டும்.

அப்புறம் வாடை. உண்மையில் புதிய மீனில் 'மீன் நாற்றம்' இருக்காது, கடல் வாசனைதான் இருக்கும். நாம் மீன் நாற்றம் என்று சொல்வது, மீன் இறந்த பிறகு பாக்டீரியாக்கள் உண்டாக்கும் டிரைமெத்திலமீன் என்ற பொருளின் வேலை. எலுமிச்சையின் புளிப்பு அதை அடக்கிவிடும். அதனால்தான் பழைய மீனுக்கு எலுமிச்சையும் மசாலாவும் தாராளமாக விழுகின்றன.

நண்டு உயிரோடு இருக்க வேண்டும், அளவுக்கேற்ற கனமும் வேண்டும். கையில் லேசாக இருந்தால் அண்மையில் ஓடு கழற்றியிருக்கும், உள்ளே தண்ணீர்தான். சிப்பி, மட்டி வாய் திறந்திருந்தால் தட்டிப் பாருங்கள். மூடிக்கொள்ளவில்லை என்றால் அது செத்தது.

படி 3: எடை, விலை, சமையல்

இப்போது கடை. அட்டையைத் திறக்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இன்று என்ன வந்தது?", "அதை உங்கள் வீட்டில் எப்படிச் சமைப்பீர்கள்?" முதல் கேள்விக்கு "எல்லாம் இருக்கிறது" என்று பதில் வந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

'அன்றைய விலை' என்று போட்டிருந்தால், மீனை எதிரிலேயே எடை போடச் சொல்லுங்கள். விலை கிலோவுக்கா, நூறு கிராமுக்கா? சமையல் கூலி அதற்குள் அடங்குமா? ஒருமுறை கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டேன். பில் வந்தபோதுதான் தெரிந்தது, அது நூறு கிராம் விலை. அந்த மீனின் ருசி இன்றுவரை எனக்கு நினைவில் இல்லை, தொகை மட்டும் நினைவிருக்கிறது.

முதல் தட்டு ஆவியில் வெந்ததாகவோ சுட்டதாகவோ இருக்கட்டும். மீனின் சொந்த ருசி தெரிந்த பிறகு குழம்புக்கும் வறுவலுக்கும் போகலாம். நான்கு பேர் சேர்ந்து போய், ஆளுக்கொன்று வாங்கிப் பகிர்ந்துகொள்வது இன்னும் நல்லது.

படி 4: வயிற்றையும் கவனியுங்கள்

இறால், நண்டு பழக்கமில்லாதவர்கள் முதலில் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே ஒவ்வாமை உண்டென்றால், தனி எண்ணெயில் பொரிக்கிறார்களா என்று கேட்காமல் எந்த வறுவலையும் தொடாதீர்கள்.

சமைக்காத பச்சைச் சிப்பியில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சிப்பி தண்ணீரை வடிகட்டி உண்ணும் உயிர், தண்ணீரில் உள்ள கிருமியும் அதன் உடலில் சேரும். எலுமிச்சை பிழிந்தால் அந்தக் கிருமி சாகாது. கர்ப்பிணிகளும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் பச்சையாகச் சாப்பிடவே வேண்டாம். பச்சை மீன் ஆசை என்றால், ஒட்டுண்ணி சாகும்படி -20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைய வைத்ததா என்று கேளுங்கள். உறையவைத்தாலும் எல்லாக் கிருமிகளும் சாவதில்லை.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களை வெயிலில் விட்டால், ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. நாக்கில் மிளகு போலச் சுரீரென்றால் துப்பிவிடுங்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரித்தால் மருத்துவரிடம் போங்கள், என்ன மீன் என்பதையும் சொல்லுங்கள். மூச்சுத் திணறினாலோ உதடு, தொண்டை வீங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.