திறந்தவெளி ஓபராவைத் திரையரங்கில் பார்ப்பது எப்படி? முதல் முறை செல்வோருக்கான செய்முறை

திறந்தவெளி மேடையில் நடந்த ஓபராவை, அதாவது மேலைநாட்டு இசை நாடகத்தை, படம்பிடித்துத் திரையரங்கில் காட்டும்போது, வழக்கமான படத்துக்குப் போவதைப் போலப் போய் உட்கார்ந்தால் பாதி கைநழுவிவிடும். முதல் முறை எனக்கு அப்படித்தான் ஆயிற்று. பிறகு நான் திருத்திக்கொண்டவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். சீட்டு வாங்குவதைப் பற்றி விளக்கப்போவதில்லை. இத்தகைய காட்சிகள் பெரும்பாலும் ஓரிரு நாள்களே ஓடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

படி 1: எந்த மேடை என்று பாருங்கள்

ஓபராவின் பெயரோடு அது நடந்த இடத்தையும் பார்த்து வையுங்கள். இத்தாலியின் வெரோனாவில் பழைய ரோமானிய அரங்கமே மேடை. ஓபரா இசையமைப்பாளர் வெர்டியின் பிறந்த நூற்றாண்டையொட்டி 1913-இல் அவருடைய ‘ஐடா’வோடு அங்கே விழா தொடங்கியது. ஆஸ்திரியாவின் பிரெகென்ஸில் ஏரியின் மீதே மேடை அமைகிறது. 1946-இல் நடந்த முதல் விழாவில் இரண்டு படகுகளை மேடையாக்கிப் பாடினார்கள். சிட்னி துறைமுகத்தில் 2012 முதல் நீரின் மேல் மேடை கட்டுகிறார்கள்.

இடத்தைப் பொறுத்து ஒலியும் மாறும். பிரெகென்ஸில் வாத்தியக் குழு ஏரியோரக் கட்டடத்துக்குள் அமர்ந்து வாசிக்க, பாடகர்கள் இசை நடத்துநரைத் திரைகளில் பார்த்தபடி வெளியே பாடுகிறார்கள். எல்லா ஒலியும் ஒலிபெருக்கிகள் வழியாகவே வருகிறது. ஆகவே, அண்மைக் காட்சியில் நெற்றியோரத்து முடிக்குள்ளிருந்து சிறு மைக் எட்டிப்பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள். உள்ளரங்க ஓபராவில் மைக் இல்லாமல் பாடுவதே மரபு என்றாலும், காற்றும் தண்ணீரும் சூழ்ந்த இடத்தில் அந்த மரபைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

படி 2: கதையை முடிவு உட்படப் படித்துவிடுங்கள்

நான் இடறி விழுந்தது இங்கேதான். முதலில் பார்த்தது வெர்டியின் ‘ரிகோலெத்தோ’. கதை முன்பே தெரிந்தால் சுவை குன்றிவிடும் என்று எண்ணி, எதையும் படிக்காமல் போனேன். பாட்டு இத்தாலிய மொழியில் ஓட, என் கண் சப்டைட்டிலிலேயே ஒட்டிக்கொண்டது. கடைசி அங்கத்தில், கூலிக்குக் கொலை செய்பவனிடம் பணம் கொடுத்துப் பெற்ற மூட்டைக்குள் தன் எதிரியான பிரபுவின் பிணம் இருப்பதாக நம்பி, நாயகன் ரிகோலெத்தோ அதை ஆற்றில் தள்ளப் போகிறான். அப்போது தொலைவிலிருந்து ஒரு பாட்டு மிதந்து வருகிறது. சற்று முன்பு பிரபு பாடிய ‘லா தொன்னா எ மொபிலே’தான் அது. பாடுகிறவன் உயிரோடு இருக்கிறான் என்றால், மூட்டைக்குள் இருப்பது யார்?

அந்தக் கேள்வியை எழுப்புவது மெட்டுதான். நானோ அடுத்த வரி எழுத்தில் வரட்டும் என்று திரையின் அடிவிளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் மூச்சை உள்ளிழுத்த சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது, ரிகோலெத்தோ மூட்டையை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான்.

இப்போது முந்தைய நாளே கதைச்சுருக்கத்தை இரண்டு முறை படித்து, யார் யார், எந்தக் குரல் என்று அரைப் பக்கத்தில் கையால் எழுதிக்கொள்கிறேன். ‘ரிகோலெத்தோ’வில் தந்தையான ரிகோலெத்தோ பாரிடோன் (நடுத்தர ஆண் குரல்), மகள் சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்), பிரபு டெனர் (உயர்ந்த ஆண் குரல்), கொலையாளி பாஸ் (ஆழ்ந்த ஆண் குரல்). மேடை முழுவதும் தெரியும்படி தொலைவிலிருந்து எடுத்த காட்சியில் மனிதர்கள் விரற்கடையளவே தெரிவார்கள். அப்போது பாடுவது யார் என்பதைக் குரலை வைத்துத்தான் பிடிக்க முடியும். கூடவே இரண்டு மூன்று பாட்டுகளை முன்கூட்டிக் கேட்டுவையுங்கள். முழு ஓபராவையும் கேட்டுவிட்டுப் போகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது தொடக்கக்காரரைக் களைப்படையவே செய்யும். குறிப்புக்குக் கைபேசியை விடக் காகிதமே நல்லது, இருட்டில் அது யார் கண்ணையும் கூசச் செய்யாது.

படி 3: இருக்கை

நடு வரிசைக்குச் சற்றுப் பின்னால், மையத்தில் அமருங்கள். முன் வரிசைகளில் முகத்துக்கும் எழுத்துக்கும் இடையே கழுத்தே ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

படி 4: முதல் கால் மணி நேரம்

கோடைக்கால மாலை வெளிச்சத்தில் தொடங்கும் மேடை தொடக்கத்தில் வெளிறித் தெரியலாம். இருட்ட இருட்ட ஒளியமைப்பு எடுப்பாகும், பொறுத்திருங்கள். சில பதிவுகள் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் எடுத்தவற்றை ஒட்டிச் செய்தவையாதலால், காற்றில் பறந்த துணி அடுத்த காட்சியில் அசையாமல் தொங்கினாலும் வியப்பதற்கில்லை.

பிற்சேர்க்கை

வாயசைவும் குரலும் பொருந்தவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். தொலைவிலிருந்து எடுத்த காட்சியை வைத்து இதை முடிவுசெய்யாதீர்கள். அண்மைக் காட்சியில் உதடு மூடிய பிறகும் சொல் தொடர்ந்தால் அது திரையிடலில் நேர்ந்த பிழை, உடனே எழுந்துபோய் ஊழியரிடம் சொல்லுங்கள். நானும் ஒருமுறை தயங்கி உட்கார்ந்திருந்து ஒரு முழு அங்கத்தை அப்படியே பார்த்துத் தொலைத்தேன்.

இடைவேளையில் எழுந்து போகலாம் என்று காத்திருந்து ஏமாந்ததாக இன்னொருவர் சொன்னார். பிரெகென்ஸ் ஏரி மேடையில் இடைவேளை விடாமல் ஏறத்தாழ 2 மணி நேரம் ஒரே மூச்சில் நடத்துவது வழக்கம். திரையரங்கு தானாக இடைவேளை விடுகிறதா என்பதை நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.