இரண்டு மதக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

காலையில் கோவையில் சர்ச், மறுநாள் பொள்ளாச்சிப் பக்கம் மண்டபத்தில் முகூர்த்தம் என்று ஒரே பத்திரிகையில் இரண்டு இடம் போட்டு வருவது கொங்கு நாட்டில் இப்போது அதிசயமில்லை. பையன் கவுண்டர் வீடு, பெண் பாலக்காட்டுக்கு அந்தப் பக்கத்து சிரியன் கிறிஸ்தவக் குடும்பம், நாம் பையன் வீட்டு ஆட்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

சடங்கில் தடுமாறினால் யாரும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வாய் தவறினால்தான் வருஷக்கணக்கில் நிற்கும். “ஏனுங்க, இதுல யாரு மதம் மாறுனது?” என்று பந்தியில் கேட்காதீர்கள். மாற வேண்டிய கட்டாயமே இல்லை. 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் கொடுத்து, மூன்று சாட்சிகளோடு, அவரவர் மதத்திலேயே இருந்துகொண்டு பதிவு செய்யலாம். பிறக்கப்போகும் குழந்தைக்கு எந்தக் கோயிலில் மொட்டை என்ற கேள்வியும் அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் காதில் விழக் கூடாது.

வெள்ளை விஷயம் அதைவிட நுட்பமானது. மணப்பெண் வெள்ளை அல்லது சந்தன நிறச் சேலையில் சர்ச்சுக்குள் வருவாள். “நல்ல நாளும் அதுவுமா வெள்ளையா கண்ணு?” என்று நம் ஆத்தாக்களில் ஒருவர் நிச்சயம் ஆரம்பிப்பார். பக்கத்தில் இருப்பவர் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது நல்லது. மாப்பிள்ளை தரும் மந்திரகோடி என்ற கல்யாணப் பட்டு பிறகு வரும். அந்தப் பட்டிலிருந்து ஏழு இழை உருவித் திரித்த நூலில்தான் மின்னு கோத்துக் கட்டுவார்கள். மின்னு என்பது சிறு மணிகளால் சிலுவை பதித்த பொன் தாலி. தாலியும் பட்டும் அங்கேயும் உண்டு என்று தெரிந்தால் ஆத்தாவே சமாதானமாகிவிடுவார்.

சர்ச்சில் மற்றவர்கள் எழுந்தால் எழுங்கள், போதும். கத்தோலிக்கத் திருப்பலி எனும் பூசையோடு நடந்தால், நற்கருணை எனும் புனித அப்பத்துக்கு வரிசை நிற்கும்போது அதைப் பிரசாதம் என்று நினைத்துப் போய் நிற்காதீர்கள். அது கத்தோலிக்கர்களுக்கு மட்டும். அட்சதை பழக்கத்தில் அரிசி தூவுவதும் வேண்டாம்.

மண்டபத்தில் தவறு வேறு மாதிரி: வந்தவர்களுக்கு எதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். இணைச்சீர் என்ற கொங்குச் சடங்கின்போது மாப்பிள்ளையோடு அலங்காரமாக நிற்கும் அக்காவையோ தங்கையையோ பார்த்துப் பெண்வீட்டு விருந்தாளிகள் குழம்புவார்கள். ஐயர் எங்கே என்று தேடுவார்கள். அருமைக்காரர் என்ற நம் சமூகப் பெரியவர்தான் சீர்களை நடத்துகிறார், இப்போது பாடுவது மங்கல வாழ்த்து என்று ஒரு வார்த்தை சொல்ல நம்மைத் தவிர அங்கே யார் இருக்கிறார்கள்?

மொய் நோட்டு நம் வழக்கம். ஊர்ப் பெயர் சொல்லி 501, 1001 எழுதுவது மாப்பிள்ளை வீட்டு மேசையில். பெண்வீட்டு விருந்தில் கவரை நேரே மணமக்கள் கையில் கொடுங்கள். அங்கே கறி மீன் இருந்தால், வேண்டாதவர்கள் முகம் சுளிக்காமல் தள்ளி உட்காரலாம்.

அப்புறம், தாலி கட்டியதும் நம் ஆட்கள் மொத்தமாகப் பந்திக்கு ஓட, எல்லை தாண்டி வந்தவர்கள் மண்டப மூலையில் தனியாக நிற்பார்கள். அவர்களைக் கையோடு கூட்டிப்போய் இலைக்கு முன் உட்காரவைத்து, நீங்களும் பக்கத்திலேயே உட்காருங்கள். “இன்னும் கொஞ்சம் ரசம் விடச் சொல்லட்டுங்களா?” என்று கேட்க மலையாளம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.